டோகமாக்கின் முதல் சில மில்லிநொடிகள்: கணினியில் எவ்வளவு பிடிபடும்?

கேள்வி கேட்டவர் இயற்பியலில் முதுகலை முடித்தவர். பிளாஸ்மாத் துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் சிறு நிரல் ஒன்றைச் சொந்தமாக எழுதியிருக்கிறார். "டோகமாக்கில் வெறும் வாயு பிளாஸ்மாவாக மாறும் தொடக்கத்தை என் மடிக்கணினியில் சிமுலேட் செய்ய முடியுமா? ஐட்டர் தொடங்குமா தொடங்காதா என்று கணினியே சொல்லிவிடாதா?" என்று கேட்கிறார். (பிளாஸ்மா என்பது எலெக்ட்ரான்கள் பிரிந்துபோன சூடான வாயு. அணுக்கரு இணைவுக்காக அதைக் காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்து வைக்கும் இயந்திரம் டோகமாக். பிரான்சில் கட்டப்பட்டுவரும் மிகப் பெரிய டோகமாக் ஐட்டர்.) இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: தொடக்கம் என்பது தீர்ந்துபோன கணக்கா, அப்படித் தீர்ந்திருந்தால் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்? சில ஆண்டுகள் இதே கணக்கோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் வேலை சுருள், சுவர், மின்சுற்று பக்கம். துகள் சிமுலேஷனில் நான் வாசகன் மட்டுமே. அந்தப் பகுதியை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான பதில். மடிக்கணினியில் முடியும், சில வகைக் கணக்குகள் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிரலைப் பெரிதாக்கி அல்ல. வாயுவில் தொடங்கி முழு மின்னோட்டம் வரை ஒரே அடிப்படையில் ஓடும் நிரலை யாரும் அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவதும் இல்லை. சமன்பாடுகள் தெரியாததால் வந்த குறையல்ல இது. நிரலுக்குள் போட வேண்டிய எண்கள் சரியாகத் தெரிவதில்லை; சிக்கல் அங்கேதான்.

ஏன் இதைக் கஷ்டம் என்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். டோகமாக் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி. நடுவில் சொலினாய்டு, அதுதான் முதன்மைச் சுருள். வளையமான பிளாஸ்மா இரண்டாம் சுருள். சொலினாய்டின் மின்னோட்டத்தை மாற்றினால் வளையத்தைச் சுற்றி ஒரு மின்னழுத்தம் தூண்டப்படும். லூப் வோல்டேஜ் என்போம். காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் ஆதித்யா போன்ற சிறிய, செம்புச் சுருள் இயந்திரத்தில் 20 வோல்ட் அளவுக்குக் கொடுக்கலாம். அதன் பெரிய ஆரம், அதாவது இயந்திர மையத்திலிருந்து பிளாஸ்மா வளையத்தின் நடுவரை உள்ள தூரம், 0.75 மீட்டர். ஆக மீட்டருக்கு 4 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். வாயு தானாகப் பற்றிக்கொள்ளும், பெரிய கணக்கு தேவையில்லை. ஐட்டரின் கதை வேறு. ஆரம் 6.2 மீட்டர், சுருள்கள் மீக்கடத்திகள். மீக்கடத்தியில் மின்னோட்டத்தை வேகமாக மாற்றினால் சூடாகித் தன் தன்மையை இழந்துவிடும் என்பதால் மெதுவாகத்தான் மாற்ற முடியும். கடைசியில் கையில் நிற்பது சுமார் 12 வோல்ட், அதாவது மீட்டருக்கு 0.3 வோல்ட். ஒரு டார்ச் செல்லின் இரு முனைகளையும் 5 மீட்டர் தள்ளி வைத்தால் இடையில் இருக்கும் மின்புலம் இதே அளவுதான். அதைக் கொண்டு 1,400 கன மீட்டர் கலனுக்குள் பிளாஸ்மாவை எழுப்ப வேண்டும்.

இனி டவுன்சென்ட் கணக்கு. ஒரு நூற்றாண்டுக்கும் முந்தையது, இன்னும் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறோம். ஓர் எலெக்ட்ரான் மின்புலத்தில் முடுக்கம் பெற்று, ஒரு மூலக்கூறில் மோதி, இன்னோர் எலெக்ட்ரானை உதறவைக்கும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஹைட்ரஜனுக்கு ஒரு மீட்டர் பயணத்தில் எத்தனை அயனியாக்கம் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: டார் அலகில் அழுத்தத்தை 510-ஆல் பெருக்கி, அதை ஓர் அடுக்குக்குறித் தேய்வால் பெருக்க வேண்டும். அந்த அடுக்கில் வருவது 12,500 × அழுத்தம் ÷ மின்புலம், எதிர்க்குறியோடு. ஐட்டருக்கு நினைக்கும் அழுத்தம் 1 மில்லிபாஸ்கலை ஒட்டியது, ஏறக்குறைய ஒரு டாரில் லட்சத்தில் ஒரு பங்கு. எண்களைப் போட்டுப் பாருங்கள். ஓர் அயனியாக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எலெக்ட்ரான் சராசரியாக 300 மீட்டர் ஓட வேண்டும் என்று வரும். ஐட்டர் வளையத்தின் சுற்றளவு 39 மீட்டர். ஆக ஏழெட்டுச் சுற்று சுற்றினால்தான் ஒரு குட்டி எலெக்ட்ரான் பிறக்கும். அதுவரை அது சுவரில் முட்டாமல் இருந்தாக வேண்டும்.

எலெக்ட்ரான் காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். வளையத்தைச் சுற்றி இருக்கும் பெரிய புலம், ஐட்டரில் 5.3 டெஸ்லா, எலெக்ட்ரானைச் சுற்றிச் சுற்றியே கொண்டுபோகும். ஆனால் சொலினாய்டு, மற்றச் சுருள்கள், கலனின் சுவர் எல்லாவற்றிலிருந்தும் கசியும் குறுக்குப்புலம் அந்தக் கோட்டை மேலோ கீழோ சாய்த்துச் சுவரில் கொண்டுபோய் முட்டவைக்கும். முட்டும்வரை உள்ள தூரத்தை இணைப்பு நீளம் என்கிறோம். பிளாஸ்மாவின் அரை அகலத்தை எடுத்து, பெரிய புலத்துக்கும் குறுக்குப்புலத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, நாலில் ஒரு பங்கு எடுத்தால் தோராய விடை கிடைக்கும். அரை அகலம் 1.6 மீட்டர், குறுக்குப்புலம் 2 மில்லிடெஸ்லா என்று வையுங்கள். சுமார் 1,060 மீட்டர் வரும். 300 மீட்டருக்கு ஓர் அயனியாக்கம் என்றால் மூன்று தடவைக்கு மேல் பெருகிவிட்டுத்தான் சாகும், பெருக்கம் வெல்லும். குறுக்குப்புலம் 10 மில்லிடெஸ்லா என்றால் நீளம் 212 மீட்டர். ஒரு குட்டி பிறப்பதற்குள் தாய் சுவரில் போய்விடும். சொலினாய்டின் உச்சப் புலம் 13 டெஸ்லா. அதன் பக்கத்திலேயே, அதன் மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே, பல கன மீட்டர் இடத்தில் குறுக்குப்புலத்தை 2 மில்லிடெஸ்லாவுக்குள் அடக்க வேண்டும். அப்படி அடங்கிய இடத்துக்கு எங்கள் பேச்சில் 'நல்' என்று பெயர்.

1991-இல் பிரயன் லாயிடும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் டி-த்ரீ-டி இயந்திரத்தில் செய்த சோதனைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கைக்கணக்கு இன்றும் ஓடுகிறது. மின்புலத்தைப் பெரிய புலத்தால் பெருக்கிக் குறுக்குப்புலத்தால் வகுங்கள். மீட்டருக்கு 1,000 வோல்ட்டைத் தாண்டினால் நம்பித் தொடங்கலாம். மைக்ரோவேவால் வாயுவை முன்கூட்டியே கொஞ்சம் அயனியாக்கி வைத்தால் 100 போதும். மேலே போட்ட ஐட்டர் எண்களை வைத்தால் 795 வருகிறது. சொந்தக் காலில் நின்றால் சந்தேகம், மைக்ரோவேவ் கைகொடுத்தால் தாராளம். அதே சோதனைகளில் மீட்டருக்கு 0.25 வோல்ட்டில் வெறும் தூண்டலாலும், 0.15 வோல்ட்டில் மைக்ரோவேவ் உதவியோடும் தொடங்கிக் காட்டினார்கள். கைக்கணக்கு என்ற அளவில் இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பல இயந்திரங்களில் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது.

இதில் கணினியின் முதல் வேலை பிளாஸ்மாவைக் கணிப்பதே அல்ல, நல் எங்கே எப்போது வரும் என்று கணிப்பது. கேட்க எளிது, சுருள்களுக்கு ஒரு மின்சுற்றுக் கணக்குத்தானே என்று தோன்றும். ஆனால் கலனின் சுவர் தடித்த எஃகு. அதையும் அதே 12 வோல்ட் சுற்றிவருகிறது. ஐட்டரில் சுவருக்குள் சுழல் மின்னோட்டம் மில்லியன் ஆம்பியர் கணக்கில் ஓடும், பிறக்கப்போகும் பிளாஸ்மாவின் மின்னோட்டத்தை விடப் பல மடங்கு. அது காந்தப்புலத்தை இழுத்தடிக்கும். சுருள்களுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டளை, சுவர் ஊடாக உள்ளே போய்ச் சேர, இயந்திரத்தைப் பொறுத்து, சில மில்லிநொடியிலிருந்து பல நூறு மில்லிநொடி வரை தாமதமாகும். எனவே சுவரை நூற்றுக்கணக்கான வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தடையும் தூண்டமும் கொடுத்து, ஒன்றுக்கொன்று பிணைத்துத் தீர்ப்போம். நேரியல் கணக்கு. உங்கள் மடிக்கணினிக்கு இது ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுத்தர அளவு இயந்திரம் ஒன்றுக்கு இந்தக் கணக்கை நான்தான் போட்டேன். திரையில் நல் அழகாக, நடுவில், சரியான நேரத்தில் வந்தது. இயந்திரத்தில் வாயுவை விட்டால் கேமராவில் உள்சுவர் ஓரமாக மங்கலாக ஒரு வெளிச்சம், சில ஆயிரம் ஆம்பியர், அப்புறம் அணைந்துவிடும். இரண்டு வாரம் அழுத்தத்தை ஏற்றினோம், இறக்கினோம், சுவரைச் சுட்டுச் சுத்தம் செய்தோம். கடைசியில் வாயுவே விடாமல் சுருள்களை மட்டும் இயக்கி, கலனைச் சுற்றியிருந்த காந்தப் பாய அளவிகள் காட்டியதை என் கணக்கோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, நல் சில மில்லிநொடி தாமதமாக, வேறு இடத்தில் வந்துகொண்டிருந்தது. கலனுக்கு வெளியே ஒரு தாங்குச் சட்டம், மின்காப்பு இல்லாமல் முழு வளையமாக இணைந்திருந்தது. நான் பயன்படுத்திய வரைபடத்தில் அது இல்லை. நிரலில் ஒரே ஒரு வளையத்தைச் சேர்த்தேன், அளவியும் கணக்கும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அன்றிலிருந்து வாயு இல்லாத ஷாட்டோடு (இயந்திரத்தை ஒரு தடவை இயக்குவதை ஷாட் என்போம்) ஒப்பிடாத எந்த நல் கணக்கையும் நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

சரி, உங்கள் துகள் நிரலுக்கு வருவோம். டவுன்சென்ட் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: எலெக்ட்ரான்கள் பெருகும்போது அவையே உண்டாக்கும் மின்புலத்தை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. எலெக்ட்ரான் வேகமாக ஓடிவிடும், கனத்த அயனி பின்தங்கும். இரண்டும் பிரிந்தால் நடுவில் ஒரு மின்புலம் முளைக்கும். அது வெளியிலிருந்து நாம் தரும் மின்புலத்தையே எதிர்க்கும். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூ மின்-குவும் நா யோங்-சுவும் உள்ளிட்ட குழு இதை இரு பரிமாணத் துகள் சிமுலேஷனில் போட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்டது. எலெக்ட்ரான் எண்ணிக்கை ஓரளவு ஏறியதும் உள்ளே முளைத்த புலம் வெளிப்புலத்தைக் காந்தக்கோட்டின் திசையில் பெரும்பாலும் ரத்து செய்துவிடுகிறது; பெருக்கத்தின் வேகம் டவுன்சென்ட் சொல்வதைவிட வெகுவாகக் குறைகிறது; கூடவே, காந்தக்கோட்டுக்குக் குறுக்கான மின்புலம் பிளாஸ்மாவைக் கொந்தளிப்பாகக் கலக்கிவிடுகிறது. கொரியாவின் கே-ஸ்டார் இயந்திரத்தில் பார்த்ததோடு அது ஒத்துப்போனது. எனக்கு இது மிகவும் முக்கியமான வேலையாகப் படுகிறது. நாங்கள் பல ஆண்டுகளாகச் சமாளிப்பு எண் ஒன்றைப் பெருக்கி ஒப்பேற்றிய இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று காட்டியது.

ஆனால் அதை வீட்டில் முழு அளவில் செய்ய நினைக்காதீர்கள். 5.3 டெஸ்லாவில் ஓர் எலெக்ட்ரான் நொடிக்குச் சுமார் 14,800 கோடி தடவை சுழல்கிறது. பெருக்கம் முடிய 20 மில்லிநொடி என்றால் கிட்டத்தட்ட 300 கோடிச் சுழற்சிகள், ஒவ்வொன்றையும் பல படிகளாக வெட்ட வேண்டும். சுழற்சியைச் சராசரியாக்கிவிட்டு மையத்தை மட்டும் பின்தொடரலாம், அப்படித்தான் செய்கிறார்கள். அதன் பிறகும் இடப் பிரிப்பு இருக்கிறது. கன மீட்டருக்கு 10,000 லட்சம் கோடி எலெக்ட்ரான், 5 எலெக்ட்ரான்வோல்ட் வெப்பம் என்ற நிலையில் டிபை நீளம், அதாவது ஒரு மின்னூட்டத்தின் புலம் சுற்றியுள்ள துகள்களால் மறைக்கப்படும் தூரம், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான். மூன்று மீட்டர் அகலக் கலனை அந்த அளவில் வெட்டிப் பாருங்கள். இன்னொன்று, உங்கள் நிரல் ஒரு பரிமாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன குறுக்குக் கலப்பு ஒரு பரிமாணத்தில் வரவே வராது. வெளிப்புலம் ரத்தாவது மட்டும் தெரியும், கலப்பு தெரியாது. ஆக விடை உண்மையைவிட மோசமாகக் காட்டும். கற்றுக்கொள்ள நல்லது, இயந்திரத்துக்கு எண் சொல்ல உதவாது.

பெருக்கம் முடிந்தாலும் வேலை முடியவில்லை. பெரும்பாலான தோல்விகள் அதற்குப் பிறகுதான். வாயுவின் சில சதவீதம் அயனியானதும் மோதலின் தன்மை மாறி, பிளாஸ்மா ஒரு மின்கம்பி மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கும். மின்னோட்டம் ஏறும், 1.6 மீட்டர் அரை அகலத்துக்கு 16 ஆயிரம் ஆம்பியரிலேயே அதன் சொந்தக் காந்தப்புலம் அந்த 2 மில்லிடெஸ்லாவை எட்டிவிடும், காந்தக்கோடுகள் சுவரில் முட்டாமல் தமக்குள் மூடிக்கொள்ளத் தொடங்கும். ஆனால் குளிர்ந்த பிளாஸ்மா மோசமான கம்பி. 5 எலெக்ட்ரான்வோல்ட்டில், அதாவது 58 ஆயிரம் டிகிரியில், அது சிக்கிக்கொண்டால் 0.3 வோல்ட் புலம் 40 ஆயிரம் ஆம்பியர் பக்கம்தான் தள்ளும். சூடாக்கும் திறன் அரை மெகாவாட். சூடானால்தான் தடை குறையும், தடை குறைந்தால்தான் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால்தான் இன்னும் சூடாகும். இந்த வட்டத்துக்குள் நுழைய விடாமல் வாசலில் நிற்பது கதிர்வீச்சு. வாயு முழுவதும் அயனியாகி, கார்பன், ஆக்ஸிஜன் போன்ற மாசுகள் தங்கள் வெளி எலெக்ட்ரான்களைப் பறிகொடுக்கும்வரை, அவை வாங்கும் ஆற்றலை ஒளியாக வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டுவதை பர்ன்-த்ரூ என்கிறோம்.

இதில் வேடிக்கை ஒன்று. ஐட்டர் கலன் முழுக்க உள்ள வாயுவை அயனியாக்க, அணுவுக்கு 40 எலெக்ட்ரான்வோல்ட் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் ஐந்தாறு கிலோஜூல்தான். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூட அது போதாது. அப்படியானால் மெகாவாட் எதற்கு? ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் பிடிப்பதால்தான். காந்தக்கோடுகள் திறந்திருக்கும் வரை துகளும் வெப்பமும் கோட்டு வழியாகச் சுவருக்கு ஓடும். சுவரில் மோதியது புது வாயுவையும் மாசையும் கிளப்பித் திருப்பி அனுப்பும். அதை மறுபடி அயனியாக்க வேண்டும்.

பர்ன்-த்ரூவுக்கு நாங்கள் பயன்படுத்தும் நிரல்கள் வெளியாட்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இட வேறுபாடே கிடையாது. பிளாஸ்மா முழுவதற்கும் ஒரே எலெக்ட்ரான் வெப்பம், ஒரே அயனி வெப்பம், ஒரே அடர்த்தி, ஒரு மின்னோட்டம், ஒவ்வொரு மாசின் ஒவ்வொரு அயனி நிலைக்கும் ஒரு சமன்பாடு. பெரிலியத்துக்கு 4 அயனி நிலை, கார்பனுக்கு 6, ஆக்ஸிஜனுக்கு 8. நேரத்தில் மட்டும் ஓடும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் சில பத்து. இதைப் போய் சிமுலேஷன் என்கிறார்களே என்று புதிதாகச் சேர்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பிளாஸ்மா எந்த உருவத்தில் இருக்கிறது என்றே தெரியாத 30 மில்லிநொடிக்கு மூன்று பரிமாணக் கணக்குப் போட்டால் துல்லியம் கூடாது, தெரியாத எண்கள்தான் கூடும்.

இந்த வகையில் டையான் என்ற நிரல் இங்கிலாந்தின் ஜெட் இயந்திரத்தை முன்வைத்து ஹியுன்-டே கிம் உருவாக்கியது, 2012-இல் வெளிவந்தது. அதன் முக்கியமான சேர்க்கை சுவர். மாசு இவ்வளவு சதவீதம் என்று கையால் போடாமல், அயனிகள் சுவரில் மோதி எவ்வளவு மாசைக் கிளப்பும் என்று நேரத்தோடு கணித்தார். ஜெட் அதற்குச் சரியான சோதனைக் களமாக அமைந்தது. 2009 வரை ஓடிய கார்பன் சுவரை எடுத்துவிட்டுப் பெரிலியமும் டங்ஸ்டனும் போட்டு 2011-இல் மறுபடி இயக்கத் தொடங்கியிருந்தார்கள். கார்பன் காலத்தில் பிளாஸ்மா திடீரென்று சரிந்த ஒரு ஷாட்டுக்கு அடுத்த ஷாட் தொடங்காமல் போவது அடிக்கடி நடக்கும். சுவர் உறிஞ்சி வைத்ததைத் திருப்பிக் கக்கும். பெரிலியம் வந்த பிறகு அந்த வகைத் தோல்வி கிட்டத்தட்ட மறைந்தே போனது. பெரிலியம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதன் சொந்தக் கதிர்வீச்சும் குறைந்த வெப்பத்திலேயே அடங்கிவிடுகிறது. டையான் இந்த இரண்டு நிலையையும் தனித்தனியாகப் பிடித்தது. ஒரே நிரல், சுவரை மட்டும் மாற்றினால் நடத்தை மாறுகிறது என்று காட்டியதுதான் என்னைப் போன்றவர்களை நம்பவைத்தது.

இதே வேலைக்கு ரஷ்யாவில் சென்பிளின்ட், இத்தாலியில் பி.கே.டி. சுழி என்று வேறு நிரல்களும் உண்டு. டையானோடு சேர்த்து மூன்றையும் ஒரே உள்ளீட்டில் ஓட்டி ஒப்பிட்ட கட்டுரை 2020-இல் வந்தது. அனுமானங்களைச் சமன்படுத்தினால் விடைகள் நெருங்குகின்றன. அவரவர் அனுமானத்தோடு விட்டால் விலகுகின்றன. குறிப்பாக, காந்தக்கோடுகள் திறந்திருக்கும் காலத்தில் இழப்பை எப்படி எழுதுகிறோம் என்பதில். இதைப் படித்துவிட்டு "மூன்று நிரலும் ஒத்துப்போகின்றன, ஆகவே சரி" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே அனுமானத்தை மூன்று பேர் சரியாகக் கூட்டினால் ஒரே தொகைதான் வரும். கூட்டலில் பிழையில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

அப்படியானால் எது உறுதி, எது சந்தேகம்? அணுத் தரவு, அதாவது எந்த வெப்பத்தில் எந்த அயனி எவ்வளவு கதிர்வீசும் என்பது, ஹைட்ரஜனுக்கும் இலேசான மாசுகளுக்கும் நன்றாகத் தெரியும். சுருள், சுவர், மின்சுற்று, அளந்து சரிபார்த்திருந்தால், உறுதி. பிளாஸ்மா முதலில் எவ்வளவு கன அளவில் பிறக்கிறது என்பது பாதி ஊகம். கேமராவைப் பார்த்துத்தான் சொல்கிறோம், கட்டாத இயந்திரத்துக்குக் கேமராவும் கிடையாது. சுவர் ஒரு துகளை வாங்கினால் எத்தனையைத் திருப்பித் தரும் என்பது அன்றைய சுவரின் மனநிலையைப் பொறுத்தது. மைக்ரோவேவ் எவ்வளவு உள்ளே போகிறது என்பதில் எனக்கு நம்பிக்கை மிகவும் குறைவு. பிளாஸ்மா குளிர்ந்தும் நீர்த்தும் இருக்கும் முதல் மில்லிநொடிகளில், கற்றை ஒரு தடவை கடக்கும்போது உறிஞ்சப்படுவது கொஞ்சம்தான். மிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு, துருவப்பாட்டை இழந்து, கலனுக்குள் அங்குமிங்கும் அலைந்து பல தடவையில் உறிஞ்சப்படும். நிரலில் நாங்கள் இதற்கு ஒரு சதவீதத்தைப் போட்டுவிட்டு நகர்கிறோம். ஐட்டரில் சில மெகாவாட் தொடக்கத்துக்கு ஒதுக்கப்படுவது இந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான். ஜெர்மனியின் வென்டல்ஸ்டைன் 7-எக்ஸ் 2015 டிசம்பரில் லூப் வோல்டேஜே இல்லாமல் மைக்ரோவேவ் மட்டும் கொண்டு தன் முதல் ஹீலியம் பிளாஸ்மாவை எழுப்பியதே என்று கேட்கலாம். அது ஸ்டெல்லரேட்டர், வெளிச் சுருள்களாலேயே பிளாஸ்மாவைப் பிடிக்கும் வேறு வகை இயந்திரம். அதன் காந்தக்கோடுகள் பிளாஸ்மா வருவதற்கு முன்பே மூடியிருக்கின்றன. டோகமாக்குக்கு அந்தச் சொகுசு இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. தொடங்க வேண்டும் என்பதற்காக வாயுவை மிகக் குறைத்தால், சில எலெக்ட்ரான்கள் மோதலே இல்லாமல் முடுக்கம் பெற்று ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். ரன்அவே என்போம். மின்னோட்டம் அளவியில் அழகாக ஏறும், ஆனால் சுமப்பது சூடான பிளாஸ்மா அல்ல, கட்டறுத்த எலெக்ட்ரான்கள். பழைய பர்ன்-த்ரூ நிரல்களில் இதற்கு இடமில்லை. 2022-இல் வந்த ஸ்ட்ரீம் என்ற திறந்த மூல நிரல் இரண்டையும் சேர்த்துத் தீர்க்கிறது. உங்களுக்கு நிரல் படிக்கும் பழக்கம் இருப்பதால் அங்கே தொடங்கச் சொல்வேன். சொலினாய்டே இல்லாமல் தொடங்கும் கோள வடிவ டோகமாக்குகள் தனி உலகம், இங்கே தொடவில்லை.

ஐட்டர் தொடங்குமா? என் கருத்து: மைக்ரோவேவ் உதவியோடு தொடங்கும், அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. வெறும் தூண்டலில் மட்டும் என்றால் வேலை செய்யும் அழுத்த எல்லை மிகவும் குறுகலாக இருக்கும் என்று நிரல்கள் சொல்கின்றன, அதை நம்புகிறேன். ஆனால் ஐட்டரின் முதல் சுவர் பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாறிவிட்டது. ஆக்ஸிஜனைப் பிடிக்க போரான் பூச்சு பூசும் திட்டம். ஜெட்டின் பெரிலியச் சுவரில் நாங்கள் சம்பாதித்த நம்பிக்கை அப்படியே இங்கே செல்லுபடியாகாது. பூச்சு புதிதாக இருக்கும் நாளுக்கும் தேய்ந்த நாளுக்கும் தொடக்கம் வேறு வேறாக இருக்கலாம். எந்த நாளில் எவ்வளவு என்று இப்போது எண் சொல்பவரிடம் எந்த அனுமானத்தில் என்று கேளுங்கள்.

உங்களுக்கான வேலை இது. துகள் நிரலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எலெக்ட்ரான் ஆற்றல், அயனி ஆற்றல், நடுநிலை வாயு, அயனி அடர்த்தி, மின்னோட்டம் என்று ஐந்து சமன்பாடுகளை எழுதுங்கள். பிறகு ஆக்ஸிஜனின் 8 நிலைகளைச் சேருங்கள். நேர அளவுகள் பல மடங்கு வேறுபடுவதால் ரூங்கே-குட்டா என்ற சாதாரண தீர்வு முறை திணறும். விறைப்பான சமன்பாடுகளுக்கான தீர்ப்பான் வேண்டும். இணைப்பு நீளத்தை மின்னோட்டத்தோடு வளரவிடுங்கள். சுவரையும் ஒரு வளையமாகவாவது வையுங்கள். பிறகு ஒரே ஓட்டத்தில் நின்றுவிடாமல் அழுத்தம், ஆக்ஸிஜன், கன அளவு மூன்றையும் மாற்றி மாற்றிச் சில ஆயிரம் தடவை ஓட்டுங்கள்; இரவு விட்டால் காலையில் முடிந்திருக்கும். தொடங்கியவற்றை ஒரு நிறத்திலும் தொடங்காதவற்றை இன்னொரு நிறத்திலும் போட்டால், நடுவில் ஓர் ஓரம் தெரியும். மெதுவான சரிவாக இராது, கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும். ஆக்ஸிஜன் துளி கூடினால் வெப்பம் 100 எலெக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 5-க்கு விழும். நீங்கள் கணினியிலிருந்து பெறக்கூடியது அந்த ஓரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான், அது சரியாக எந்த எண்ணில் நிற்கிறது என்பதல்ல. முதல் ஓட்டத்திலேயே உங்கள் பிளாஸ்மா எழுந்து நின்றால் மகிழ்வதற்கு முன் ஆக்ஸிஜன் வரியைப் போய்ப் பாருங்கள். நான் முதன்முதலில் எழுதிய நிரலில் அதைச் சுழியாகவே விட்டிருந்தேன்.